பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது



வெளிநாடு சென்று வந்தவரைக் கண்டால், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பது நம் வழக்கம். வானளாவிய மாளிகைகளைப் பற்றியும் பூங்காக்களைப் பற்றியும் சொல்பவர் பலர். நானோ இத்திங்கள் ஒரு மளிகைக் கடையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் தாயார், மனைவி, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகியோருடன் சிங்கப்பூர் சென்று ஆறு நாள் தங்கி வந்தேன். தோ பாயோ என்னும் பகுதியில் என் மைத்துனர் வாழ்கிறார். ஆதலால் தங்குவதற்குச் செலவில்லை. ஆயினும் இரயில்வே எழுத்தனாகிய நான் நான்கு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சென்ற பயணம் அது.

அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாக நீரிழிவு. வெளி உணவுக்கு அஞ்சி, என் மனைவி அவலும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். மூன்றாம் நாள் அவல் தீர்ந்தது. மைத்துனர் எங்களை ஃபேர்பிரைஸ் கடைக்கு அழைத்துச் சென்றார். என் மனைவி மறவாமல் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். அது நல்லதாயிற்று. 2023 ஜூலை முதல் அங்குள்ள பெரிய கடைகளில் பை வேண்டுமானால் குறைந்தது ஐந்து காசு தனியே கொடுக்க வேண்டும்.

டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்கின்றனர். ஒரு வெள்ளி நம் பணத்தில் அறுபது ரூபாய்க்கு மேல். என் மனைவி எதைக் கையில் எடுத்தாலும் மனத்திற்குள் பெருக்கிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அதைக் கண்டு சிரித்த மைத்துனர் அக்கடையின் வரலாற்றைச் சொன்னார். 1973இல் உணவுப் பொருள்களின் விலை ஏறித் தொழிலாளர் குடும்பங்கள் வாடியபோது, அந்நாட்டுத் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கூட்டுறவு முறையில் ஒரு கடையைத் தோ பாயோவில் திறந்தது. அதுவே வளர்ந்து, 1983இல் மற்றொரு கூட்டுறவுக் கடையுடன் இணைந்து, ஃபேர்பிரைஸ் ஆயிற்று. தொழிலாளர் தமக்காக நடத்திய கடை என்று கேட்டபோது, சங்கத்திற்குச் சந்தா செலுத்தும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

அதன் பின் கடையைச் சற்று உற்று நோக்கினேன். பொருளின் விலைக்கு அருகில், நூறு கிராமுக்கு இவ்வளவு என்றும் சிறிய எழுத்தில் குறித்திருந்தார்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவானதன்று என்பது அதனால் விளங்கியது. எந்த நாட்டுப் பொருள் என்பதும் எழுதியிருந்தது. அரிசி தாய்லாந்து, கீரை மலேசியா, காரட் ஆஸ்திரேலியா, வெங்காயம் நம் இந்தியா! அந்நாடு உண்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல் கடந்தும் எல்லை கடந்தும் வருவது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூரின் கோழிச் சோற்றுக் கடைகள் தவித்துப் போயின. ஒரே நாட்டை நம்பியிராமல் பல நாடுகளில் வாங்குவதன் காரணம் இதுவே.

பானங்கள் வைத்திருந்த இடத்தில் அம்மா ஒரு மாம்பழப் பானத்தை ஆவலோடு எடுத்தார். பழச்சாறுதானே என்று எண்ணி, பெங்களூரில் நாள்தோறும் மாலையில் அத்தகைய பொட்டலம் ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்து வந்தவன் நான்தான்.

"பாட்டி, இதற்கு 'டி' போட்டிருக்கிறதே!" என்றாள் என் மகள்.

மைத்துனர் விளக்கினார். 2022 டிசம்பர் 30 முதல் அங்கே அடைத்து விற்கும் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் கொண்டு அது கணக்கிடப்படும். நூறு மில்லிலிட்டரில் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி'. சி, டி என்னும் இரண்டையும் உறையில் அச்சிட்டே தீர வேண்டும்.

அம்மா பொட்டலத்தை மெல்லத் திரும்ப வைத்தார். "ஓராண்டாக இதைத்தானே குடித்தேன்" என்றார். அவ்வோராண்டில் மருத்துவர் இருமுறை மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். ஏன் என்று வியந்துகொண்டிருந்தோமே தவிர, நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்பர்களே, பார்சல் அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன, எடை எவ்வளவு என்று பாராமல் ஒரு மூட்டையையும் வண்டியில் ஏற்றவிடேன். ஆனால் என் தாயின் வயிற்றுக்குள் ஏற்றியதன் மேல் என்ன எழுதியிருந்தது என்பதை ஒரு நாளும் படித்தேனல்லேன்!

மறுநாள் தேக்கா நிலையத்து உணவங்காடிக்குச் சென்றோம். தோசையும் மீ கோரேங்கும் அருகருகே கிடைக்கும் இத்தகைய அங்காடிகளின் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. உண்ட தட்டை உண்டவரே எடுத்துச் சென்று வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அங்கேதான் அம்மா ஒரு மலாய்ச் சொல்லைக் கற்றார். 'கொசோங்' என்றால் வெறுமை. 'தே ஓ கொசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும்.

ஊர் திரும்பியதும் எங்கள் தெருக்கடையில் அந்த மாம்பழப் பானத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடி அணிந்து படித்தேன். நம் நாட்டிலும் எழுதித்தான் இருக்கிறது, எழுத்துத்தான் எறும்பளவு. நூறு மில்லிலிட்டருக்குப் பதினான்கு கிராம். இருநூறு கொண்ட பொட்டலத்தில் இருபத்தெட்டு! நலமுள்ள பெரியவரும் இவ்வாறு சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கூட்டுறவுக் கடை நமக்கும் புதிதன்று. திராட்சை பயிரிடுவோர் 1959இல் பெங்களூரில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமே பின்னர் ஹாப்காம்ஸ் ஆயிற்று. இப்போது அங்கே கொய்யாப்பழம் வாங்கி, மருத்துவர் சொன்ன அளவில் அம்மாவுக்கு அரிந்து கொடுக்கிறோம். கடைக்குப் போனால் உறையைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என் மகளுடையது. உங்கள் வீட்டிலும் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் அப்பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

மாலையில் என் மனைவி, "அத்தை, தேநீர் போடட்டுமா?" என்று கேட்கிறாள். "கொசோங்!" என்று சமையலறை வரை கேட்கும்படி அம்மா குரல் கொடுக்கிறார்.