அறிவுசார் குறைபாடுள்ள இளையோரும் மனநல மருத்துவமனையும்: அமைப்பின் நிலைப்பாடு

அறிவுசார் குறைபாடு என்பது வளர்ச்சிப் பருவத்திலேயே தோன்றி, கற்றலையும் அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் திறனையும் மட்டுப்படுத்தும் நிலை; அது மனநோய் அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயின் வரையறையிலிருந்து அதனை வெளிப்படையாக விலக்கியிருப்பதால், குறைபாட்டை மட்டுமே காரணம் காட்டி ஒருவரை மனநல மருத்துவமனையில் அடைத்து வைக்க இடமில்லை. ஆனால் இக்குறைபாடு உள்ளவர்களை மனநோய் பிறரைவிட மிகுதியாகவே தாக்குகிறது என்பதால், அதே விலக்கைக் காட்டி, மனச்சோர்வோ பதற்ற நோயோ பீடித்த இளையோரைச் சிகிச்சையின்றித் திருப்பி அனுப்புவது சட்டத்தைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

கண்ணுக்குத் தெரியும் குறைபாடு, தெரியாத நோயை மூடிவிடுவதே இங்குள்ள பெரும் இடர். வலியைச் சொல்லால் உணர்த்த இயலாத ஓர் இளைஞர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும் அருகில் வருவோரைக் கடிப்பதும் பல்வலியாலோ, காதில் பிடித்த சீழாலோ, நாள்பட்ட மலச்சிக்கலாலோ, கவனிக்கப்படாத வலிப்பாலோ நிகழக்கூடும். ஆகவே, உடற்பரிசோதனை முடியுமுன்னரே, சைக்கோசிஸ் எனப்படும் கடும் மனநோய்க்குரிய மருந்துகளை வெறுமனே அடக்கி வைப்பதற்காகத் தொடர்ந்து கொடுத்து வருவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. அம்மருந்துகளால் எடை கூடலாம், உடல் விறைக்கலாம். வலியைச் சொல்ல இயலாதவர் இவற்றையும் சொல்ல மாட்டார்.

18 வயது நிரம்பாதவரைச் சேர்ப்பதற்குச் சட்டத்தின் 87ஆவது பிரிவு விதிக்கும் நெறிகள் நன்றாகவே அமைந்துள்ளன: இரு வல்லுநர்கள் தனித்தனியே ஆராய்ந்து சேர்க்கை தேவையென முடிவு செய்ய வேண்டும், பெரியவர்களிடமிருந்து பிரித்த இடம் தர வேண்டும், பெற்றோரோ வேறு துணைவரோ சிகிச்சைக் காலம் முழுவதும் உடன் தங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றுள் உடன் தங்கும் உரிமையே உயிர்நாடி; மகனின் முகக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் தாய் ஒருவரே. வயதின் அடிப்படையில் வகுக்கப்பட்ட இவ்வுரிமை 18 நிரம்பியதும் நின்றுவிடுகிறது, தேவையோ நிற்பதில்லை. ஆதலால், 18 கடந்த பின்னும், அந்த இளையவர் விரும்பும்வரை, துணைவர் உடன் தங்குவதையும் தனியிடம் பெறுவதையும் வயதைக் கொண்டன்றித் தேவையைக் கொண்டே மருத்துவமனைகள் உறுதி செய்ய வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது.

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ சமூகத்தில் வேறு வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு கூறுகிறது. அதனால் வெளியேறும் திட்டம் சேர்க்கும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். வீட்டில் கவனிப்பவர் யார், எந்தச் சிறப்புப் பள்ளி அல்லது தொழிற்பயிற்சி மையம் அவரை மீண்டும் ஏற்கும், மாவட்ட மனநலத் திட்டத்தின் எந்த மருத்துவர் மருந்தைத் தொடர்ந்து கண்காணிப்பார் என்பன அதில் இடம்பெற வேண்டும்.