ரேர்போ பூட்டலாமோ?



என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: “அண்ணை, என்ர பழைய காருக்கு ரேர்போ பூட்டினால் என்ன?” ஓட்டோபானில் எல்லாரும் அவரை முந்திப் போகினமாம்.

ரேர்போ என்பது எஞ்சினின் புகை தள்ளுகிற வேகத்தில் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கிற சாதனம். பலம் கூடும், சூடும் அழுத்தமும் கூடும். 1973இல் பி.எம்.டபிள்யூ தனது 2002 காருக்கு ரேர்போ பூட்டி, 130 குதிரைவலுவை 170 ஆக்கியது. அதற்காக எஞ்சினின் அமுக்க விகிதத்தை 9.5இலிருந்து 6.9 ஆகக் குறைத்தது. செய்த கொம்பனியே உள்ளுக்குள் மாற்றியதென்றால், நாங்கள் வெளியில் மட்டும் பூட்டினால் பிஸ்டன் தாங்குமோ?

சட்டமும் உண்டு. புகையோ சத்தமோ கூடும்படி காரை மாற்றினால் ஓடும் அனுமதி இல்லாமற் போகும். ரூவ் போன்ற இடத்தில் காட்டிப் பத்திரத்தில் பதிய வேண்டும். காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். மறைத்து, அதனாலேயே விபத்து நடந்தால், மற்றவருக்குக் கொடுத்த நட்டஈட்டில் 5,000 யூரோ வரை எங்களிடமே திருப்பிக் கேட்கலாம்.

தம்பிக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை. அந்த நேரம் பஸ் இல்லை. கார் நின்றால் வேலை போகும். வேலை போனால் ஊரில் அம்மாவுக்குப் போகிற காசும் நிற்கும்.

“பலம் வேணுமெண்டால், ரேர்போவோடயே செய்து வந்த காரைக் காசு சேர்த்து வாங்கும். இப்ப ரயரையும் பிரேக்கையும் பாரும்” என்றேன். முகம் வாடிப் போனார்.

நேற்றுப் புது ரயரோடு வந்து நின்றார்.