கார்த்திகை மாத நாற்காலி வாடகை யார் தலையில்?

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர், விரதம் முடியும்வரை தலையிலும் தாடியிலும் கத்தி படவிடமாட்டார். தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறும் சாலையில் அந்த 41 நாளும் சபரிமலை வண்டிகள் ஓயாமல் ஓடும். டீக்கடைக்கும் பழக்கடைக்கும் நல்ல வியாபாரம், சலூன்காரருக்கு நேர்மாறு. சின்னமனூர் பக்கத்து ஓடைப்பட்டி போன்ற திராட்சை ஊர்களில், மாலை போடும் இளவட்டங்கள்தான் சலூனுக்கு மற்ற நாளெல்லாம் வாடிக்கை. சலூன் நாற்காலியைத் தொழில் தெரிந்தவருக்கு மாத வாடகைக்கு விடலாமா என்ற கேள்வியை இந்த மாதத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் வைத்துப் பார்த்தால் எந்த முறையும் லாபமாகத்தான் தெரியும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த வாடகை முறை வெகுகாலமாக இருக்கிறது. கடைக்காரர் நாற்காலி, கண்ணாடி, தண்ணீர், மின்சாரம் தருகிறார். முடி திருத்துபவர் தன் கத்திரி, தன் வாடிக்கையாளர், தன் விலை என்று தொழில் செய்து, மாதமோ வாரமோ வாடகை கட்டிவிடுகிறார். நம் ஊர்களில் நடப்பது பங்கு. அன்றைய வசூலில் பாதிக்குப் பாதி என்பது பரவலான கணக்கு. கை நன்றாக ஓடுபவருக்குக் கொஞ்சம் கூடும். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நோட்டைத் திறப்பார்கள். கட்டிங் இத்தனை, ஷேவிங் இத்தனை, டை இத்தனை. தகராறு பெரும்பாலும் டையிலும் ஃபேஷியலிலும்தான் வரும்: பாக்கெட் விலையைக் கழித்துவிட்டுப் பங்கு பிரிப்பதா, கழிக்காமல் பிரிப்பதா என்று.

வாடகை முறைக்கு ஆசைப்படுபவரின் நியாயமும் எனக்குப் புரிகிறது. சென்னையிலோ கோவையிலோ பெரிய சலூனில் நாலு வருடம் நின்று ஃபேட் கட்டும் ஹேர் ஸ்பாவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார் ஓர் இளைஞர். இன்ஸ்டாகிராமில் அவர் பெயரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். தனிக்கடை போட அட்வான்ஸ், ஏசி, ஹைட்ராலிக் நாற்காலி என்று லட்சங்கள் வேண்டும். உழைப்பில் பாதியை இன்னொருவருக்குக் கொடுப்பது அவருக்கு உறுத்தத்தான் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்காலிக்கு நாள் வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய் வசூலாகும் ஞாயிற்றுக்கிழமையில் பங்கு என்றால் அவர் கையில் நிற்பது 750. வாடகை என்றால் 1,200. வசூல் 400 ரூபாயோடு நின்றுவிடும் புதன்கிழமையில் பங்கில் 200 கிடைக்கும், வாடகையில் 100தான் மிஞ்சும். அதிலும் பிளேடும் கிரீமும் அவர் செலவு. இரண்டும் சமமாகிற இடம் 600 ரூபாய். அதற்கு மேல் ஓடும் நாட்கள் எத்தனை, கீழே விழும் நாட்கள் எத்தனை என்பதுதான் மொத்த விவகாரமும். மாத வாடகை என்றால் கடை அடைத்திருக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இதை ஓடைப்பட்டி விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்ட நிலத்தில் விளைச்சல் பொய்த்தால் நிலக்காரருக்கும் அடி விழும். குத்தகைக்கு விட்ட நிலத்தில் விழாது. அதனால்தான் 1956இல் குத்தகைதாரருக்கான நியாய வாடகைச் சட்டம் இங்கே வந்தது. பின்னர் திருத்தப்பட்டு, நிலக்காரர் கேட்கக்கூடியது விளைச்சலில் 25 சதவீதம் என்று ஆனது. நடைமுறையில் அது எவ்வளவு நடந்தது என்பது வேறு கதை. வரம்பு என்று ஒன்றாவது ஏட்டில் இருக்கிறது. சலூன் நாற்காலிக்கு அதுவும் கிடையாது.

சட்டத்தில் இந்த நாற்காலிக்காரர் யார்? இந்தியாவில் வாடகைதாரரையும் உரிமம் பெற்றவரையும் பிரித்துக் காட்ட வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் 1959ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே ஒரு முடிதிருத்துபவரின் வழக்கில் வந்ததுதான். டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் சில அறைகளை எடுத்துத் தொழில் நடத்தியவர் ஆர்.என். கபூர். பத்திரத்தில் ‘லைசென்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், இரு தரப்பின் நோக்கமே உரைகல் என்றார் நீதிபதி சுப்பா ராவ். அந்த இடம் குத்தகை என்று பெரும்பான்மை முடிவானது. கபூருக்குச் சுவர் வைத்த அறை இருந்தது. மூன்று நாற்காலிக் கடையில் நடு நாற்காலியை எடுத்தவருக்குச் சுவர் ஏது, பூட்டு ஏது? அவர் வெறும் உரிமதாரர் என்று சொல்லிவிட அதிக வாதம் தேவைப்படாது. வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. சுயதொழில் செய்பவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், தொழிலாளி என்றும் சட்டென்று உரிமை கோர முடியாது. (கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டே நாற்காலிக்கு வாடகை கட்டுபவர் அந்தக் கணக்கிலும் சேரமாட்டார்.)

மற்ற நாடுகள் இந்த ஓட்டையைப் பட்டுத்தான் அறிந்தன. மான்செஸ்டரில் ஒரு சலூன், ‘சுயதொழில்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வசூலில் 67 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. நேரமும் விலையும் கடை சொன்னதுதான். அங்கே வேலை செய்த பெண் ஊழியரே என்று 2020இல் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. கலிபோர்னியாவில் 2020 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் தெளிவு. விலையைத் தானே வைக்க வேண்டும், நேரத்தைத் தானே முடிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளர் பட்டியல் தன்னுடையதாக இருக்க வேண்டும், பணம் நேராகத் தன் கைக்கு வர வேண்டும். இவை இருந்தால்தான் நாற்காலிக்காரர் சுயதொழில் செய்பவராக நிற்க முடியும்.

கடைசி நிபந்தனையை நம் ஊரில் சோதிக்க வக்கீல் வேண்டாம். கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருக்கும் ஜிபே கியூஆர் ஸ்டிக்கர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பணம் போனதும் ஸ்பீக்கர் பெட்டி கடைக்காரர் கணக்கில் வரவு என்று அறிவித்தால், வாடகைப் பத்திரம் எத்தனை பக்கம் இருந்தாலும் அங்கே நடப்பது வேலைதான். கடைக்காரருக்கு வாடகையும் நிச்சயம், வசூலின் கடிவாளமும் கையில்.

வரிக்காக இப்படிச் செய்கிறோம் என்ற சமாதானமும் இங்கே செல்லாது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. நாற்காலிக்கு நாளொன்றுக்கு 1,500 வீதம் வருடம் முழுக்க ஓடினாலும் மூன்று நாற்காலிக் கடை ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் வரம்பைத் தொடாது.

இன்னொரு விஷயத்தைப் பேசாமல் விட முடியாது. களத்து நெல்லைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஊருக்கே சவரம் செய்ய வேண்டியிருந்த குடிமகன் முறையிலிருந்து இந்தத் தொழில் வெளியே வந்தது சலூன் வழியாகத்தான். காசு கொடுத்தவர் எவரும் நாற்காலியில் உட்காரலாம் என்பது அதன் பெரிய மாற்றம். ஆனால் பட்டியல் சாதியினருக்கு முடிவெட்ட மறுத்த வழக்குகள் தமிழ்நாட்டில் இன்றும் வருகின்றன. பல இடங்களில் மறுப்புக்குப் பின்னால் ஆதிக்கச் சாதியினரின் மிரட்டல் நிற்கிறது. கடைக்காரர் நாற்காலிக்காரரைக் கைகாட்ட, நாற்காலிக்காரர் கடைக்காரரைக் கைகாட்ட வாடகை முறை இடம் கொடுத்துவிடக் கூடாது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சேவை மறுப்பைக் குற்றம் என்கிறது. கடை வாசலுக்கு உரியவர், நாற்காலியை யாருக்கு விட்டிருந்தாலும், அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாதபடி எழுத்தில் இருக்க வேண்டும்.

என் பார்வையில் ஓடைப்பட்டி அளவு ஊருக்குப் பங்குதான் பொருந்தும். பாதிக்குப் பாதி என்பது மட்டும் நியாயமில்லை. உழைப்பவருக்கு 60 என்று தொடங்கட்டும், சரக்கு விலையைக் கழிக்கும் முறையை முதல் நாளே எழுதிக்கொள்ளட்டும். சொந்த வாடிக்கை பிடித்தவர் வாடகைக்கு மாற விரும்பினால் மாறலாம்: நாள் வாடகை, செவ்வாய்க்கு இல்லை, விரத மாதத்தில் பங்குக் கணக்குக்குத் திரும்பும் உரிமை, வெளியேற்ற ஒரு மாத முன்னறிவிப்பு, கியூஆர் அவர் பெயரில். தமிழ்நாடு முடிதிருத்துவோர் நல வாரியம் இதை ஒரு பக்க மாதிரி ஒப்பந்தமாக அச்சிட்டு, உறுப்பினர் பதிவின்போதே கொடுக்கலாம். வாரியத்தில் பதிவு செய்துகொள்வது நாற்காலிக்காரருக்கு அவசியமும்கூட. முதலாளி என்று ஒருவர் இல்லாதவருக்கு 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் வேறு எங்கிருந்து வரும்?

நகரத்துச் சங்கிலி சலூன்கள் இந்தத் தாளைக் கண்டுகொள்ளாது. சீருடையும் விலைப்பட்டியலும் வருகை நேரமும் கம்பெனி தருவது என்றால், அங்கே போக வேண்டியவர் தொழிலாளர் துறை ஆய்வாளர். கேட்க வேண்டியது சம்பளப் பட்டியல்.