எடைக்குறைவு பிழையன்று, எடையைக் குறியாமையே பிழை

சங்ககாலக் காசு கிடைத்தது என்றவுடன் தமிழ் ஆய்வுலகம் முதலில் வினவுவது, அதில் எழுத்து உண்டா என்பதே. மாக்கோதை, கொல்லிப்பொறை, பெருவழுதி எனும் பெயர் பொறித்த காசுகள் சங்ககாலக் கணிப்புக்குச் சான்றாக நிற்பதால் அவ்வினா இயல்பானதே. ஆயின் எடை, விட்டம், தடிமன் ஆகியவற்றைக் கூறாது, எழுத்தமைதி ஒன்றையே கொண்டு காலம் கணிக்கும் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. எடை குறிக்கப்பெற்ற இடங்களிலும், ஒத்த காசினும் குறைந்திருப்பின் 'போலி' என்றோ 'அக்கசாலைப் பிழை' என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். இவ்விரு போக்குகளும் மறுக்கத்தக்கன.

புனே பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த டி. டி. கோசாம்பி இதனை 1940களின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். 1924இல் தட்சசீலத்தின் பீர் மேட்டில் கிடைத்த, ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகளின் எடைகளை அவர் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். புழக்கத்தில் இருந்த நவீனக் காசுகளையும் ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். கைமாறக் கைமாறக் காசு தேய்கிறது. அதனால் தொகுதியின் சராசரி எடை குறைகிறது. காசுக்குக் காசு எடை வேறுபாடு மிகுகிறது. முத்திரைக் காசுகளின் பின்புறக் குறிகள் மிகுந்தோறும் சராசரி எடை குறைவதையும் அவர் காட்டினார். ஆகவே எடைக்குறைவு பிழையன்று. அது காலத்தின் பதிவு. எனினும் அப்பதிவு தொகுதியில்தான் புலப்படும். தனிக் காசு ஒன்றின் எடை காலத்தையும் கூறாது, போலியையும் மெய்ப்பிக்காது.

தடிமனும் புறக்கணிக்கத்தக்கதன்று. வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பினது 8.96 கிராம். ஒரே அளவுடைய வட்டுகளுள் செம்பு வட்டு வெள்ளி வட்டின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடே இருக்கும். செம்பின்மேல் வெள்ளி பூசியவன் எடையைச் சரிசெய்ய விரும்பின், தடிமனையோ விட்டத்தையோ கூட்டியாக வேண்டும். எடையை மட்டும் நோக்குவோர் இங்கு ஏமாறுவர். மேலும், ஆற்றுப்படுகையில் கிடைக்கும் செப்புக் காசு அரிப்பால் எடை இழக்கலாம். களிம்பு படிந்து கூடவும் செய்யலாம். தூய்மைசெய்யும்போது எடை மீண்டும் மாறும். எந்நிலையில் நிறுக்கப்பட்டது என்று கூறாத எடை அரைச் சான்றே.

சங்ககாலக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை, எண்ணிக்கையிலும் சில, அவற்றுக்கு எடைக் கணக்கு எதற்கு என்பர் சிலர். அக்கசாலை எடையில் நெகிழ்வு காட்டியதா என்பதையும் நிறுத்தன்றோ அறிதல் வேண்டும்? காசுகள் சிலவே என்பது ஒவ்வொன்றையும் முழுமையாகப் பதிவுசெய்தற்கே காரணமாகும். இன்று குறிக்கப்பெறாத காசு நாளை எத்தொகுதியிலும் சேராது. தனியார் கைக்குச் சென்றுவிடின் மீண்டும் நிறுக்கவும் இயலாது.

ஆகவே எடை, விட்டம், தடிமன், உலோகம், தூய்மைசெய்த நிலை, கிடைத்த இடம் ஆகிய ஆறும் இன்றி எந்தக் காசுக் கட்டுரையையும் ஆய்விதழ்கள் ஏற்றல் ஆகாது. சங்ககாலத்தின் தொன்மையை நிறுவ விழைவோர் அச்சான்றை முதற்கண் தராசில் வைத்தல் வேண்டும்.