ரப்பர் சக்கரத்தின் விலை என்ன?

கடலுக்குப் போன படகு பாதி வழியில் நின்றுவிட்டது. மோட்டார் சூடேறிப் புகைந்தது. பக்கத்தில் வந்த படகு, கயிறு கட்டி அதைக் கரைக்கு இழுத்து வந்தது. மெக்கானிக் மோட்டாரைப் பிரித்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரத்தை வெளியே எடுத்தார். அதன் இதழ்கள் தேய்ந்து கிழிந்திருந்தன.

இந்தச் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். கடல் தண்ணீரை இறைத்து மோட்டாரைக் குளிர வைப்பது இதன் வேலை. மணல் கலந்த தண்ணீரில் ஓடினால் சீக்கிரம் தேயும். இது தேய்ந்தால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் படகு போகாது. படகு போகாவிட்டால் அன்று அந்த வீட்டில் வருமானம் இல்லை.

இது கன்னியாகுமரிக் கரையிலும் நடக்கும். யாழ்ப்பாணக் கரையிலும் நடக்கும். இரண்டு இடங்களிலும் சிறு படகுகளின் பின்புறம் மாட்டியிருப்பவற்றில் ஜப்பானிய மோட்டார்கள் ஏராளம். அவற்றின் சாமான்கள் கடல் கடந்து வரவேண்டும்.

கடையில் விலை கேட்டதும் கரையில் பேச்சு எழும். "சிங்கப்பூரில் இது பாதி விலையாமே! துபாயில் இன்னும் மலிவாமே! இங்கே மட்டும் ஏன் இந்த விலை?" என்பார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் "கடைக்காரர் கொள்ளையடிக்கிறார்" என்ற ஒரே பதிலோடு நின்றுவிடக் கூடாது. விலை எங்கே ஏறுகிறது என்று தெரிந்தால்தான், அதை எங்கே இறக்கலாம் என்று தெரியும்.

விலைச்சீட்டு சொல்லாத கணக்கு

முதலில் விலைச்சீட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் ஒரு கடைக்குப் போனால், சீட்டில் போட்டிருக்கும் விலையில் வரியும் சேர்ந்திருக்கும். அங்கே 2011 முதல் அந்த வரி 20 சதவீதம். அமெரிக்காவில் அப்படி இல்லை. சீட்டில் இருப்பது வரி சேராத விலை. பணம் கட்டும்போதுதான் வரி சேரும். அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரிகன் மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை.

ஆகவே ஒரே சாமான் அமெரிக்காவில் 100 என்றும், பிரிட்டனில் அதே பண மதிப்பில் 120 என்றும் போட்டிருந்தால், பிரிட்டிஷ் வியாபாரி அதிகம் வாங்குகிறார் என்று சொல்ல முடியாது. அந்த 20 அவர் பெட்டிக்குப் போவதில்லை, சர்க்காருக்குப் போகிறது.

ஜப்பானில் 2019 அக்டோபர் முதல் பெரும்பாலான சாமான்களுக்கு 10 சதவீத வரி. ஆனால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சாமானுக்கு அந்த வரி கிடையாது. அங்கே இல்லாத வரி, இங்கே வந்து இறங்கும்போது வேறு பெயரில் சேரும்.

சீட்டு விலையை வைத்து நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது, கிணற்றடியில் இருக்கும் குடத்தையும் வீட்டுக்கு வந்து சேர்ந்த குடத்தையும் ஒப்பிடுவது போல. சுமந்து வந்த கூலி கணக்கில் வரவில்லை.

கரை சேரும் விலை

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். வெளிநாட்டில் ஒரு சாமான் 100 ரூபாய். ஏற்றிவரும் கூலியும் இன்ஷூரன்சும் 10 ரூபாய். ஆக 110. சுங்கவரி 10 சதவீதம் என்றால் 11 ரூபாய். இது 100 ரூபாய்க்கு அல்ல, 110 ரூபாய்க்குப் போடும் வரி. ஆக 121. அதன்மேல் உள்நாட்டு வரி 20 சதவீதம் என்றால் 24 ரூபாய் 20 காசு. மொத்தம் 145 ரூபாய் 20 காசு.

வரிக்கு மேல் வரி ஏறுவதைக் கவனிக்க வேண்டும். இன்னும் வியாபாரியின் லாபம் சேரவில்லை. இறக்குமதி செய்பவர் ஒருவர், ஊர்க் கடைக்காரர் ஒருவர் என்று இரண்டு கை மாறினால் இரண்டு லாபம். 100 ரூபாய்ச் சாமான் 170, 180 ஆவதில் மாயம் எதுவும் இல்லை.

கூலியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே ஒரு ரப்பர் சக்கரத்தை விமானத் தபாலில் வரவழைத்தால், சக்கரத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். நூறு சக்கரம் ஒரே பெட்டியில் வந்தால், கூலி நூறு பேருக்குப் பங்காகும்.

பணம் இளைத்தால்

நாட்டின் பணம் மதிப்பு இழந்தாலும் விலை ஏறும். இலங்கை இதைக் கண்ணால் கண்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 200 இலங்கை ரூபாய் கொடுத்தால் போதும். மே மாதத்தில் அது சுமார் 360 ரூபாய் ஆகிவிட்டது.

1,000 டாலர் விலையுள்ள ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். இரண்டு லட்ச ரூபாய் சேர்த்து வைத்திருந்த மீனவர், இரண்டு மாதம் பொறுத்து வாங்கப் போயிருந்தால் 3,60,000 ரூபாய் வேண்டும். மோட்டார் அதே மோட்டார்தான். வெளிநாட்டில் ஒரு காசுகூட ஏறாவிட்டாலும், இங்கே விலை இரண்டு மடங்கை நெருங்கியது. வரியும் அந்த ஏறிய விலையின்மேல்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தது. சிறு படகு மோட்டார்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. சாமானும் ஏறி, எண்ணெயும் ஏறினால் ஏழை மீனவர் என்ன செய்வார்? பழைய சாமானையே ஒட்டுப்போட்டு ஓட்டுவார். நடுக்கடலில் நிற்கும் ஆபத்தையும் சேர்த்துச் சுமப்பார்.

பொருந்தாத மலிவு

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் ஆட்கள் ஊருக்கு வரும்போது சாமான் வாங்கி வருவதுண்டு. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். மாட்டிப் பார்த்தால் சில சமயம் பொருந்தாது.

காரணம் என்ன? ஒரே கம்பெனி, ஒரே குதிரைசக்தி, ஒரே நிறம் என்றாலும் மோட்டார் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்ரோலில் ஓடுவது வேறு. மண்ணெண்ணெயில் ஓடுவது வேறு. மண்ணெண்ணெய் மாடல் எல்லா நாடுகளிலும் விற்பனைக்கு வருவதில்லை. அமெரிக்கச் சாமான்களில் அங்குலக் கணக்கு மிகுதி; ஜப்பானியச் சாமான்களில் மில்லிமீட்டர் கணக்கு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், திருகாணி ஏறாது.

உத்தரவாதத்தையும் பார்க்க வேண்டும். பல கம்பெனிகளின் உத்தரவாதம், வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். இங்கே கெட்டுப்போனால் அங்கே கொண்டுபோக முடியுமா? போலிச் சாமான் இன்னொரு தொல்லை. பெட்டி அசல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது ஒரு மாதம் தாங்காது.

பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, பத்து நாள் தொழிலை இழந்தால் அது மலிவா? படகு சும்மா கிடக்கும் நாளுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை எந்த நாட்டுச் சீட்டிலும் போடுவதில்லை. அதை மீனவர் குடும்பம்தான் கட்டுகிறது.

கூடி வாங்கினால்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 1980-ல் தொடங்கியது. தலைமையிடம் திருவனந்தபுரம். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள சிறு மீனவர்களின் கிராமச் சங்கங்கள் இதில் சேர்ந்தன. படகு கட்டும் கூடங்களை இது நடத்தியது. மோட்டார்களையும் உதிரி சாமான்களையும் தருவித்து மீனவர்களுக்குக் கொடுத்தது. பழுதுபார்க்கும் நிலையங்களையும் திறந்தது.

தனி மீனவர் கேட்டால் வெளிநாட்டுக் கம்பெனி பதில் எழுதுமா? ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கேட்டால் எழுதும். கூலி பங்காகும். நடுவில் ஒரு லாபம் குறையும். அசல் சாமான் கிடைக்கும். ஊர்தோறும் சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் இது. ஒவ்வொரு சங்கத்திலும் அடிக்கடி தேயும் பத்துப் பன்னிரண்டு சாமான்களை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைக்கலாம்.

சர்க்கார் செய்யவேண்டியது

சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. இந்தியாவில் 2017 ஜூலையில் புதிய சரக்கு சேவை வரி வந்தபோது, படகு மோட்டாருக்கு 28 சதவீதமா, 5 சதவீதமா என்ற குழப்பம் இருந்தது. 2018 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் விளக்கம் கொடுத்தது. மீன்பிடிப் படகுக்காக விற்கும் மோட்டார் படகின் ஒரு பாகமே. அதற்கு 5 சதவீதம்தான் என்றது. நல்ல முடிவு.

மோட்டாருக்குக் காட்டிய அந்தக் கருணை, மோட்டாருக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் வரை குழப்பமில்லாமல் போய்ச் சேர வேண்டும். மோட்டார் சில வருஷத்துக்கு ஒருமுறை வாங்குவது. உதிரி சாமான் வருஷம் முழுவதும் வாங்குவது. சுங்கவரி போடும் இடத்திலும் இந்த எண்ணம் வேண்டும்.

நியூசிலாந்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடல் சுற்றிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்து, தற்காலிகமாகத் தங்கும் உல்லாசப் படகை அங்கே பழுதுபார்த்தால், அந்த நாட்டின் 15 சதவீத வரி அந்த வேலைக்கு இல்லை. படகு திரும்பிப் போய்விடும் என்பது காரணம். அது சரிதான். பொழுதுபோக்குப் படகுக்கு ஒரு தேசம் இவ்வளவு யோசிக்குமானால், வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்கும் படகுக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்!

கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். சாமானின் அடக்கவிலை எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுக்கலாம். கணக்குத் தெரிந்தால் சந்தேகம் தீரும். நியாயமான லாபத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மீனவர் குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. மோட்டாரின் மேல் ஒரு தகடு இருக்கும். அதில் மாடல் பெயரும் நம்பரும் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தச் சாமான் எந்தத் தேதியில் மாற்றியது, என்ன விலை என்று அதே நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த தடவை சிங்கப்பூர் விலை, துபாய் விலை என்று யாராவது சொன்னால், அந்த நோட்டைப் பார்த்துக் கேளுங்கள்: "இந்த நம்பர்தானா? கரைக்கு வந்து சேர என்ன விலை? எத்தனை நாளில் வரும்?"

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.