கூன் விழுவது வயதினால் மட்டுமா?

"அம்மாவுக்கு 78 வயது. வர வர ஆள் கட்டையாகிக்கொண்டு வருகிறா. நடுமுதுகில் நோ. வயது போனால் கூன் விழுவது வழமைதானே?" என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வழமைதான். ஆனால் சும்மா விடக்கூடியதல்ல.

கறையான் அரித்த மரம்போல என்பு உள்ளே பொள்ளலாகிப் போவதை ஒஸ்ரியோபொரோசிஸ் என்பர். முறியும்வரை நோகாது என்பதே இதன் பொல்லாத்தனம். முள்ளந்தண்டு என்பு, விழாமலேயே, அரிசிப் பையைத் தூக்கியதில்கூட நசிந்துவிடலாம். இளவயதைவிட 4 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் குறைந்திருந்தாலும், நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்திருந்தாலும் என்பின் அடர்த்தியைப் பார்க்கும்படி குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். டெக்ஸா என்ற அந்தப் படம் எடுக்க நோகாது. மிகத் தளர்ந்தவர்களுக்கு, முன்பே முறிவு இருந்தால், படமில்லாமலும் மருந்து தொடங்குவார்கள். ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ நெடுநாள் பிரெட்னிசொலோன் எடுப்பவர்கள் அதையும் சொல்லவேண்டும். அதுவும் என்பைக் கரைக்கும். ஆனால் தாமாக நிறுத்தக்கூடாது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் எங்கள் முதியவர்களுக்கு, இந்தக் குளிர்நாடுகளில், விற்றமின் டி குறைவது சகஜம். பால், தயிர், நெத்தலி, குரக்கன் எல்லாம் நல்லவையே. ஆயினும் ஒருமுறை முறிந்தபின் கல்சியம் குளிசை மட்டும் போதாது.

அநேகமாக முதலில் தருவது வாரம் ஒருமுறை எடுக்கும் அலென்றோனேற் குளிசை. அதைக் காலைத் தேநீரோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விடிய, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரம் சாப்பிடாமலும் படுக்காமலும் இருக்கவேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். நிமிர்ந்திருக்க முடியாதவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வேறு வழி பார்க்கவேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால் தவணை தவறவே கூடாது. ஊருக்குப் போகும் பயணத்தையும் அதைப் பார்த்தே ஒழுங்குசெய்யுங்கள். பிந்தினால் முள்ளந்தண்டு அடுத்தடுத்து நசியக்கூடும். எந்த மருந்தானாலும், பல்லுப் பிடுங்க இருந்தால் தொடங்குமுன் அதை முடித்துவிடுவது நல்லது.

விழாமல் பார்ப்பதும் வைத்தியம்தான். இரவில் மலகூடத்துக்குப் போகும் வழியில் சின்ன லைற் எரியட்டும். சுருளும் கம்பளத் துண்டுகளை எடுத்துவிடுங்கள். நித்திரைக் குளிசையும் பிறசர் மருந்தும் தலைச்சுற்றைத் தருகின்றனவா என வைத்தியரிடம் விசாரியுங்கள். விழுந்துவிடுவா என்ற பயத்தில் அம்மாவைக் கதிரையிலேயே இருத்திவிடாதீர்கள். நடக்காத காலில் தசை கரையும், பிறகு இன்னும் விழுவா.

இன்னுமொன்று. பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால், "எனக்கொண்டுமில்லை, சும்மா தடக்கினனான்" என்று முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எத்தனை முறை விழுந்தவ என்பது அப்போதுதான் வெளியே வரும்.