மருந்தும் மொழியும்

1823இல் பிரெஞ்சு ஆட்சியாளர் புதுவையில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே கோரிமேட்டு ஜிப்மர். 1964இல் நேருவின் பெயர் தாங்கிய அந்நிறுவனம், 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. இராமநாதபுரம் என்னும் புதுவைச் சிற்றூரில் ஊரக நலவாழ்வு மையம் கண்டு, மாணவரை மக்களிடமே அனுப்பியது அதன் தனிச்சிறப்பு.

விழுப்புரம், கடலூர் மாவட்ட மக்களும் நாடிவரும் அங்கு, நாடெங்கிலுமிருந்து வந்தோர் பயில்கின்றனர், அது பெருமையே. ஆயினும், "நெஞ்சு கரிக்குது", "தலை கிறுகிறுக்குது" என்னும் உழவர் மொழி விளங்காத மருத்துவர்க்கு நோயின் பாதி மறைந்தே நிற்கும். மொழிபெயர்ப்போர் உடனிருப்பினும், சொல்லக் கூசும் நோயைப் பெண்கள் மூன்றாமவர் முன் உரைப்பரோ?

2019 முதல் மருத்துவக் கல்வியின் தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியும் இடம்பெறுகிறது. அது சில நாள் வகுப்போடு நின்றுவிடலாகாது. நோயாளர் சொற்களைத் தொகுத்து எளிய கையேடு ஆக்கித் தருதல் தமிழ்த்துறையினராகிய நம் கடன். அதனை நாம் செய்யாவிடின் வேறு யார் செய்வர்?